முப்பதாவது டப்பா

ஷேடுக்காரருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கடையின் வருகைப் பதிவேட்டைத் தவிர அது வேறெங்கும் புழங்கவில்லை. முப்பத்திரண்டு வருடமாக ஒரே பெயிண்ட் கடையில், ஒரே மேசைக்குப் பின்னால் நின்று நிறம் கலந்துகொண்டிருப்பவர் அவர். தெருவில் போகிறவர்கள் 'ஷேடு அண்ணே' என்பார்கள். வீட்டில் மனைவி 'என்னங்க' என்பாள். இரண்டும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

இரண்டாவது குரல் நின்று ஏழு மாதம் ஆகிறது.

கடைக்கு வருகிறவர்கள் சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள். "இதே கலர் வேணும் அண்ணே, பத்து வருசத்துக்கு முந்தி அடிச்சது." வேறு கடைகளில் அதை ஒரு இயந்திரத்தின் அடியில் வைத்துப் பொத்தானை அமுக்குவார்கள். இவர் சில்லை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உள்ளங்கையில் வைத்து, பிறந்த குழந்தையின் ஜாடையைத் தேடுகிறவர் மாதிரி உற்றுப் பார்ப்பார். பிறகு வெள்ளை டின்னைத் திறந்து மஞ்சள் ஏழு சொட்டு, சிவப்பு இரண்டு, கறுப்பு ஒன்றரை என்று விடுவார். அரைச் சொட்டு எப்படி விடுவது என்று யாராவது கேட்டால், "விட்டுப் பாத்தா தெரியும்" என்பார். அட்டையில் ஒரு தீற்று தீற்றி, காய்ந்ததும் சில்லைப் பக்கத்தில் வைத்தால் எது பழையது, எது புதியது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

டின்னைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒன்று சொல்வார். "டின் முடிஞ்ச இடம் சுவத்துல தெரியக் கூடாது, பாத்துக்குங்க." ஒரு டின்னை அடிவரைக்கும் வழித்து அடித்துவிட்டு அடுத்த டின்னைத் திறந்தால், என்னதான் ஒரே நிறமாக இருந்தாலும், இரண்டும் சேருகிற இடத்தில் மெலிதாக ஒரு கோடு விழும். ஆகவே பழைய டின்னில் கொஞ்சம் இருக்கும்போதே புதிய டின்னைத் திறந்து, மிச்சத்தை அதில் ஊற்றி, அடியிலிருந்து மேலாகக் கலக்கிவிட வேண்டும். கலக்கிய பிறகு பழையது என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாமே புதிய டின்தான். ஆனால் பழையது உள்ளே இருந்துகொண்டு சுவரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

மனைவியின் தம்பி, வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர், இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான். "எங்க மச்சான் காலைக் காப்பி குடிச்சாக்கூட, நேத்து காப்பி மிச்சத்தை ஊத்திக் கலக்கிட்டுத்தான் குடிப்பாரு. இல்லேன்னா தொண்டைல கோடு விழுந்துடும்."

அக்காக்காரி அதற்கும் சிரிப்பாள். அவள் சிரிப்பதற்குக் காரணம் தேடுகிற ஆள் இல்லை. கணவர் சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும், "உப்பு கம்மி" என்பார். முப்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் சொல்வார். அவளும் ஒரு நாள் தவறாமல், "நாக்குல பெயிண்ட் ஒட்டியிருக்கும், கழுவிட்டு வாங்க" என்பாள். அவர் கழுவிவிட்டு வரவும் மாட்டார், உப்பு எடுத்துப் போட்டுக்கொள்ளவும் மாட்டார். தட்டு மட்டும் காலியாகிவிடும்.

அப்படிப்பட்டவளை, வயிற்றில் ஓர் அறுவை, பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் காலை நர்ஸ் வெளியே வந்து தோளைத் தொட்டுச் சொன்னபோது, ஷேடுக்காரர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் உயரத்தில் ஒரு கோடு ஓடியது. மிச்சத்தைக் கலக்காமல் அடித்திருக்கிறார்கள். நர்ஸ் இரண்டாவது தடவையும் சொன்னாள். "சரிம்மா" என்றார். அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். அது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் முடிந்தது.

அவர் அழவில்லை. வேறு ஊரில் இருக்கும் மகள் வந்து அழுது அழுது தொண்டை கட்டிப்போனாள். மச்சினன் வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலில் தலையை மோதிக்கொண்டான். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தர், "கல்லு மனசுப்பா இந்த ஆளுக்கு" என்றார். இன்னொருத்தர், "இல்ல, உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குறாரு" என்றார். இரண்டுமே சரியில்லை. காலி டின்னைத் தட்டினால் ஒரு சத்தம் வருமே, அவர் நெஞ்சுக்குள் அப்போது அதுதான் இருந்தது. வேறொன்றும் இல்லை.

மச்சினனுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோரும் கலைந்து போன அன்று வாசலில் நின்று, "எங்க அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன் வீட்டுல எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டுப் போனான். ஷேடுக்காரர் "சரி மாப்ளே, பாத்துப் போ" என்றார். அதைக் கேட்டுத்தான் அவனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டில் மிஞ்சியது உருண்டை. பத்து வயது நாய். குட்டியாக வந்தபோது நடக்கத் தெரியாமல் உருண்டு உருண்டு வந்ததால் மனைவி வைத்த பெயர். அதற்குச் சமைப்பதும் அவள்தான். சோறு, கேரட், எலும்பில்லாத கோழி எல்லாவற்றையும் குக்கரில் குழைய வேக வைத்து, உப்புப் போடாமல், ஆற வைத்துப் போடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரண்டு நாளும் அடுப்பை அணைக்கவே இல்லை. முப்பது டப்பா நிரப்பி உறைபெட்டியில் அடுக்கினாள்.

"பத்து நாளுக்கு எதுக்கு முப்பது?" என்று கேட்டார்.

"வந்த அன்னைக்கே நான் அடுப்படில நிக்க முடியுமா? உங்களை நம்பி விட்டா அதுக்கு டீயும் பன்னும்தான் கிடைக்கும்."

கடையிலிருந்து அவர் கொண்டு வந்த ஒட்டுக் காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டி, ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டாள். "வரிசையா எடுங்க. நடுவுல உருவாதீங்க" என்றாள். கிளம்புகிற நேரத்தில் வாசலில் குனிந்து நாயின் காதைப் பிடித்து ஆட்டிவிட்டு, அவரைப் பார்த்து, "திரும்பி வரும்போது இது இளைச்சிருந்தா உங்களைத்தான் கேப்பேன்" என்றாள்.

அவள் சொன்னபடி வரிசையாக எடுத்தார். அவள் போன பிறகும் எடுத்தார். இருபத்து நான்கு டப்பா தீர்ந்து ஆறு மட்டும் நின்ற அன்று காலை, உறைபெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். குளிர் முழங்கால் வரைக்கும் இறங்கியது. அன்றைக்குத் தானே அரிசியும் கேரட்டும் கோழியும் வாங்கி வந்து வேக வைத்தார். அதில் இருபத்தைந்தாம் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் சுரண்டிப் போட்டு, அடியிலிருந்து மேலாகக் கலக்கினார். துக்கத்தினால் செய்தார் என்று சொல்வதற்கில்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது. மிச்சம் இருக்கும்போதே புதிய டின்னைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு டப்பாவில் நாற்பது ஸ்பூன் இருந்தது.

நாலாவது மாதம் உருண்டை சொறிய ஆரம்பித்தது. முதலில் காது, பிறகு வயிறு, பிறகு பாதம். ராப்பகலாகப் பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கு பச்சைப் புண்ணாகிவிட்டது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்தது. மகள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "அப்பா, அது என்னப்பா முதுகுல? அம்மா இருந்தா விட்டிருப்பாளா?" என்று அழுதாள். அவர் மறுநாளே கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நாய் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். தோலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள்.

"என்ன சாப்பிடுது சார்?"

"சோறு, கேரட், கோழி. வேக வச்சு."

"எத்தனை வருசமா?"

"பத்து வருசமா. வீட்டுல பண்றது."

"அதுதான் ஒத்துக்கலைன்னு நெனக்கிறேன். ஆச்சரியமா இருக்கும், ஆனா வருசக்கணக்கா ஒத்துக்கிட்ட சாப்பாடே ஒரு நாள் ஆகாமப் போயிடும்."

அவர் தலையாட்டினார்.

"உங்க பொண்ணு எனக்குப் போன் பண்ணாங்க. பச்சைக் கறிக்கு மாத்தினா என்னன்னு கேட்டாங்க. எல்லா நாய்க்கும் நான் அதைச் சொல்றதில்ல. ஆனா இதுக்குப் பாக்கலாம். இது வரைக்கும் அது வாயில படாத கறியா இருக்கணும். ஆட்டுக்கறி, எலும்போட சேர்த்து அரைச்சது, கொஞ்சம் ஈரல். சுத்தமான கடையாப் பாருங்க. உறைய வச்சு எடுங்க, கையை நல்லாக் கழுவுங்க. சோறு கிடையாது, கோழி கிடையாது. ஆனா ஒரேயடியா மாத்தக் கூடாது, வயிறு போயிடும். பத்து நாள் எடுத்துக்குங்க. பழசைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, புதுசைக் கூட்டணும். பதினோராம் நாள்லேர்ந்து பழசு நிக்கணும். புரியுதா சார்?"

ஐந்து மாதத்துக்கு மேலாக யார் என்ன சொன்னாலும் அவருக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தது. இது மட்டும் முழுதாகக் காதில் விழுந்தது. "புரியுது. ஒண்ணுக்கு ஒம்பது, ரெண்டுக்கு எட்டு" என்றார்.

"ஆமா, அதேதான்" என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டாள்.

கறிக்கடைக்காரர் வாயாடி. ஒற்றை ஆள் தினமும் எலும்போடு அரைத்த கறி கேட்டு நிற்பதைப் பார்த்து, "வீட்டுல விருந்தாளிங்களா அண்ணே?" என்றார்.

"நாய்க்கு."

"வேக வைக்கிறதுக்கா?"

"இல்ல. பச்சையா."

"பச்சையாக் குடுத்தா ஆளைக் கடிக்கும்னு சொல்றாங்களே."

"பாதிப் பல்லு இல்ல அதுக்கு. கொட்டாவி விடுறதுக்கே யோசிக்குது."

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ஷேடுக்காரர் சிரிக்கவில்லை. தான் சொன்னது வேடிக்கை என்பது அவருக்கு வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது. மனைவியிடம் சொன்னால் இரண்டு நாள் சிரிப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது.

முதல் நாள் ஒன்பது பங்கு பழசு, ஒரு பங்கு புதுசு. உருண்டை முகர்ந்து பார்த்தது. பழசை மட்டும் தின்றுவிட்டு, கறியைத் துளி சிந்தாமல் ஒதுக்கி வைத்தது. பிறகு நேராக அடுப்பு மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தலையைத் தூக்கி அடுப்பைப் பார்த்தது. திரும்பி அவரைப் பார்த்தது. மறுபடியும் அடுப்பைப் பார்த்தது.

"வேகாது. இனிமே இப்படித்தான்" என்றார்.

அது ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அவரும் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசி யாரைத்தான் விட்டது. நாலாம் நாள் கறியையும் தின்றது. ஆறாம் நாள் கறியை முதலில் தின்றது. பழைய ஷேடு அட்டை ஒன்றின் முதுகில் நாள்வாரியாகப் பங்கு எழுதி, உறைபெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். ஒரு பங்கு பிசகவில்லை. இருபத்தெட்டாம் டப்பா பத்தாம் நாளோடு தீர்ந்தது.

பதினோராம் நாள் காலை, கிண்ணத்தில் கறி மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு இருபத்தொன்பதாம் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, பட்டி பூசுகிற தகட்டால் ஒரு ஸ்பூன் சுரண்டிக் கறியில் போட்டு, அடியிலிருந்து மேலாகக் கலக்கினார். கலக்கிய பிறகு பழையது என்று தனியாக ஒன்று கிடையாது.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா, "பழசை நிறுத்திட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

"நிறுத்தியாச்சு" என்றார். அவர் மனதறிந்து ஒரு பொய் சொன்னவர் இல்லை. கேட்ட கேள்விக்கு அவர் தொழிலில் அதுதான் பதில்.

"அப்ப இந்நேரம் சொறி குறைஞ்சிருக்கணுமே" என்று அவள் நெற்றியைச் சுருக்கினாள். காதுக்கு வேறு மருந்து எழுதினாள். நக்காமல் இருப்பதற்குக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு வளையம் மாட்டினாள். அதை மாட்டிக்கொண்டு உருண்டை வீடு முழுக்க இடித்துக்கொண்டு திரிந்தது. ஆறாவது வாரம் எடை போட்டார்கள். இருபத்திரண்டு கிலோ இருந்தது பதினேழாக இறங்கியிருந்தது.

டாக்டரம்மா நாயைத் தடவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம் சார். குறையலைன்னா பலமான மருந்துக்குத்தான் போகணும். இந்த வயசுல, இந்த உடம்புல, ஈரல் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. கொஞ்சம் மனசைத் தயார் பண்ணி வச்சுக்குங்க."

"சரிம்மா" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் சொன்ன அதே 'சரிம்மா'. சொன்ன பிறகு அது அவர் காதிலேயே விழுந்தது. டாக்டரம்மாவின் அறைச் சுவரில் கோடு ஏதும் இல்லை. தேடிப் பார்த்தார், இல்லை.

மகளிடம் அன்று விஷயத்தைச் சொன்னார். மகள் அழுதுகொண்டே மாமனுக்குப் போன் பண்ணினாள். ஏழு மாதம் வாசல்படி மிதிக்காத மச்சினன் அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, விரல் நகமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்போடு வந்து நின்றான்.

"உருண்டைக்காக வந்தேன். உங்களுக்காக வரலை" என்றான்.

"வா மாப்ளே."

உருண்டை புனலோடு ஓடி வந்து அவன் முழங்காலில் இடித்தது. அவன் உட்கார்ந்து அதன் முதுகைப் பார்த்தான்.  அதற்குச் சாப்பாட்டு நேரம். ஷேடுக்காரர் கறியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, இருபத்தொன்பதாம் டப்பாவின் மூலையைத் தகட்டால் சுரண்டத் தொடங்கினார். கடைசி ஸ்பூன். அரை ஸ்பூன் இன்றைக்கு, அரை ஸ்பூன் நாளைக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் அது?"

"உருண்டைக்கு."

"பச்சைக் கறி மட்டும்தான்னு உங்க பாப்பா போன்ல சொன்னா."

"பச்சைக் கறிதான். இது கலக்குறதுக்கு."

"என்னத்தைக் கலக்குறதுக்கு?"

 மச்சினன் எழுந்து வந்து டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தான். ஒட்டுக் காகிதம், அதில் பேனாவால் இருபத்தொன்பது. அந்த ஒன்பதின் வால் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே ஏறியிருந்தது. சின்ன வயதில் அவனுடைய நோட்டில் எத்தனையோ கணக்குகளைப் போட்டுக் கொடுத்த கை. அவன் டப்பாவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா பண்ணதா?"

"ம்."

"எத்தனை நாளாப் போடுறீங்க?"

"தினமும் ஒரு ஸ்பூன்."

"டாக்டரம்மா கேக்கலையா?"

"கேட்டாங்க. பழசு நிறுத்தியாச்சுன்னு சொன்னேன். இது மிச்சம்தானே."

ஊரில் வேறு யாராக இருந்தாலும் இந்த மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பெயிண்டர் அப்படி நினைக்கவில்லை. இருபது வருடமாக அவனும் மிச்சத்தை ஊற்றிக் கலக்கியவன்தான். அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. தன் அக்காவுக்காக ஒரு சொட்டு விடவில்லை என்று ஏழு மாதமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தானோ, அந்த ஆள் ஏழு மாதமாக தினம் ஒரு ஸ்பூனாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் விளங்கியது.

"மச்சான், அது சுவத்துக்கு. இது வயிறு. அந்த ஒரு ஸ்பூன்தான் அதைத் தின்னுக்கிட்டிருக்கு."

ஷேடுக்காரர் தகட்டைக் கீழே வைத்தார். துடைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"கோடு தெரியும் மாப்ளே" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே குரல்.

"தெரியட்டும் மச்சான்."

 உருண்டை கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஆளையும் இன்னொரு ஆளையும் மாறி மாறிப் பார்த்தது. ஷேடுக்காரர் கடைசியில் கிண்ணத்தை எடுத்துக் கீழே வைத்தார். வெறும் கறி. நாய்க்கு வித்தியாசம் தெரிந்ததாகவே தெரியவில்லை. மளமளவென்று தின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கா?" என்று மச்சினன் கேட்டான்.

"முப்பதாவது டப்பா இருக்கு. பிரிக்கலை."

"அது இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் உங்க கை சும்மா இருக்காது. தூக்கிப் போட்டுருங்க."

ஷேடுக்காரர் உறைபெட்டியைத் திறந்து முப்பதாவது டப்பாவை எடுத்து அவனிடம் நீட்டினார். "நீயே போடு."

அவன் வாங்கினான். குப்பைக் கூடை வரைக்கும் போனான். திரும்பி வந்தான். "நான் எப்படிப் போடுவேன்" என்றான். அவன் உள்ளங்கைச் சூட்டில் டப்பாவின் மேலிருந்த பனி உருகி முழங்கை வழியாகச் சொட்டியது. கண்ணும் அப்படியே ஆகிவிட்டது.

ஷேடுக்காரர் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுப்பைப் பற்ற வைத்தார். சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உறைந்த கட்டியை அதில் கவிழ்த்து மூடி வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"சாப்பிடப் போறேன்."

"அது நாய்ச் சாப்பாடு மச்சான்."

"உங்க அக்கா பண்ணதுதான்."

மச்சினன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய் இரண்டு தட்டை எடுத்து வந்து வைத்தான்.

உருண்டை சும்மா இருக்குமா. அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டி இளகி, கொதி வந்து, கேரட்டும் கோழியும் குழைந்த அந்தப் பழைய வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம் அப்படியே அடுப்படிக்குள் வந்து நின்றது மாதிரி இருந்தது. நன்றாகக் கொதிக்க விட்டு இறக்கி, இரண்டு தட்டிலும் சமமாகப் பங்கு வைத்தார். நாயை வெளியில் விட்டுக் கதவைச் சாத்தினார். அது கதவைப் பிறாண்டியது.

இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஷேடுக்காரர் முதல் வாய் எடுத்து வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

சொன்னது அவர் இல்லை, அவர் நாக்கு. சொல்லிவிட்டு அது பதிலுக்குக் காத்திருந்தது. முப்பது வருடமாகக் காத்திருந்த அதே அளவு நேரம். அடுப்பில் ஒன்றும் இல்லை. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. கதவுக்கு வெளியே நாய் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

மச்சினன் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் விழுங்கினான். 

"நாக்குல பெயிண்ட் ஒட்டியிருக்கும்" என்றான். அதற்கு மேல் வரவில்லை. பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே முடித்தான். "கழுவிட்டு வாங்க."

ஷேடுக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு எழுந்தார். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. முப்பது வருடத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகம் நனைந்திருந்தது. அது குழாய்த் தண்ணீர்தான். வேறெதுவும் இல்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் மச்சினன் தன் துண்டை நீட்டினான். அவர் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

தட்டு காலியாகும் வரைக்கும் சாப்பிட்டார்கள். சட்டியில் ஒட்டியிருந்ததையும் அவர் விரலால் வழித்துத் தின்றார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இருபத்தொன்பதில் இருந்த அந்த ஒரு ஸ்பூனை மச்சினன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இரண்டு டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தார்கள். ஒட்டுக் காகிதம் தண்ணீரில் ஊறித் தானாகவே உரிந்து, தொட்டியின் ஓட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுக்கவில்லை. மச்சினனும் எடுக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், தினம் ஒரு ஸ்பூன் போட்டதைச் சொன்னார். அவள் வாய் திறந்து திட்டப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சார். இன்னைக்குத்தான் முதல் நாள்னு வச்சுக்குவோம்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது வாரம் சொறி குறைந்தது. ஐந்தாவது வாரம் புனலைக் கழற்றினார்கள். கறிக்கடைக்காரர், "என்னண்ணே, உங்க ஆளு கடிக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்று தினம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினன் வந்தான். உருண்டைக்காக வந்தேன் என்று சொல்வதை இரண்டாவது வாரத்தோடு விட்டுவிட்டான். எட்டாவது வாரம் எடை போட்டபோது பத்தொன்பதரை. முதுகில் முடி முளைக்கத் தொடங்கியது.

புது முடி பழைய நிறத்தில் வரவில்லை. பழையது நல்ல செம்பழுப்பு. புதியது ஒரு சொட்டு மஞ்சள் கூடி, வெளிறி வந்தது. இரண்டும் சேருகிற இடத்தில், முதுகின் குறுக்கே, தெளிவாக ஒரு கோடு.

மகள் போனில் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரெண்டு நாயை ஒட்டின மாதிரி இருக்கு. இது போகுமா, இப்படியே நின்னுடுமா?" என்று கேட்டாள்.

ஷேடுக்காரர் நாயை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குனிந்து, சுவர்ச் சில்லைப் பார்ப்பது போல் உற்றுப் பார்த்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் மெதுவாக இழுத்துப் பார்த்தார். உருண்டை முதுகை நெளித்துக் கொடுத்தது.

"நின்னுடும்னு நெனக்கிறேன்" என்றார். "இருக்கட்டும்."